ரீட்டா வேலின் இடது பக்கம்

அனிஷா என்னைப் பற்றிப் பிறரிடம் சொல்லும்போது "ரிட்டயர் ஆனவர்" என்கிறாள். எனக்கு முப்பத்தாறு வயது. பழைய திரைப்படச் சுருள்களைச் சீர்செய்யும் இலண்டன் ஆய்வுகூடம் ஒன்றில் பத்தாண்டுக்கு மேல் வேலை செய்துவிட்டு, அந்தத் தொழிலிலிருந்து விலகியவள் நான். என் நாற்காலியில் இப்போது அனிஷா இருக்கிறாள்.

அங்கே அண்மையில் புதிய மென்பொருள் ஒன்று வந்திருக்கிறது. படத்தில் எது தூசி, எது கீறல் என்று அதுவே தீர்மானித்து அதுவே துடைத்துவிடுமாம். நல்ல மென்பொருள் என்றுதான் கேள்விப்படுகிறேன். அதைப் பற்றிச் சொல்ல அழைத்தவள், பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்: "துடைக்கக் கூடாத எதையாவது துடைத்த சம்பவம் உங்கள் காலத்தில் நடந்ததுண்டா?"

"உங்கள் காலத்தில்" என்றதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ரீட்டா வேலின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், அனிஷா வெம்பிளியில் வளர்ந்த குஜராத்திப் பெண். ஆனால் கதை பாதியிலேயே நொண்டியது. அதன் நடுவில் ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது. அதை மொழிபெயர்த்தால் கதையே நடக்காமல் போய்விடும். ஆகவே இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஒளிப்படத் தொழில்நுட்பத்தில் ஒரு பட்டம். பிறகு கையுறை போட்டுச் சுருள்களைத் தொடக் கற்ற சில மாதங்கள். பிறகு ஸ்கேனர் முன்னால் உட்கார அனுமதி. எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. ஹரோவில் இருந்த என் அம்மாவுக்குத்தான் இதை உறவினருக்கு விளக்கத் தெரியவில்லை. "பிள்ளை என்ன வேலை?" என்று யாராவது கேட்டால், "பழைய படத்துக்குத் தூசி தட்டுறாள்" என்பார். கேட்டவர் முகத்தில் இரக்கம் படர்வதைப் பார்த்ததும், "கொம்பியூட்டரிலதான்" என்று அவசரமாகச் சேர்ப்பார்.

அம்மா சொன்னதில் பெரிய பிழை எதுவும் இல்லை. ஒரு சுருள் வந்தால் நான் பார்க்கும் ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான். முதலில் வாசம்: பெட்டியைத் திறக்கும்போது அச்சாறுப் போத்தலைத் திறந்தது போல வினாகிரியின் புளித்த வாசம் அடித்தால், சுருள் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். பிறகு விளிம்பு: நெளிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா. பிறகு ஓரத் துளைகள், அதன் பின் துண்டுகளை இணைத்த ஒட்டுகள். கிழிந்த துளைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, கழுவி, உலர்த்தி, கடைசியில்தான் ஸ்கேனர். ஸ்கேன் செய்த படத்தை ஒரு மென்பொருள் பார்த்து, சந்தேகப்படும் இடங்களில் சிவப்புப் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளிகளோடு படம் சென்னைக்குப் போகும். அங்கே பிரபு என்பவரின் குழு ஒவ்வொரு பிரேமாகத் துடைத்து அனுப்பும். திரும்பி வந்ததை நாங்கள் பெரிய திரையில் பார்த்து, சரி என்போம், அல்லது மீண்டும் அனுப்புவோம்.

கடைசியாகச் சரி என்று சொல்லும் உரிமை கொலினுக்கு மட்டுமே இருந்தது. கொலின் எங்கள் மேற்பார்வையாளர். உயரமான, மெதுவான மனிதர். தேநீர்க் குவளையின் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் அறைக்குள் நடப்பார், ஆவிகூடச் சுருள்மீது படக்கூடாது என்பது போல. யாரையும் "பிழை" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பிழையாக ஏதாவது தென்பட்டால், நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்தில் உட்காருவார். உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இது படத்தின் மேல் இருக்கிறதா, படத்துக்குள் இருக்கிறதா?"

தொழில் முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். சுருளின் மேல் பின்னாளில் விழுந்த தூசியை எடுக்கலாம். படம் பிடித்த அன்று கமெராவுக்கு முன்னால் பறந்த தூசியைத் தொடக்கூடாது. முதலாவது அழுக்கு. இரண்டாவது அந்த நாள்.

ரீட்டா வேல் நடித்த படம் எங்களிடம் வந்தது ஒரு பழைய சேகரிப்பாளரின் வீட்டுக் களஞ்சியத்திலிருந்து. ஐம்பதுகளின் நடுவில், கடற்கரை ஊர் ஒன்றில் நடக்கும் கொலைக் கதை. அக்காலத்தில் பெரிய படத்துக்கு முன்னால், ஆட்கள் இருக்கை தேடி, மழைக்கோட்டைக் கழற்றி, இனிப்புப் பொதியைப் பிரிக்கும் நேரத்தில் ஓடவிடும் சிறிய படங்கள் இருந்தன. அவசரமாக எடுத்து அவசரமாக மறந்த படங்கள். இதுவும் அதில் ஒன்று. ஆனால் இதன் நெகட்டிவில், திரையரங்குகளில் ஒருபோதும் ஓடாத ஒரு காட்சி இருந்தது. கதாநாயகி விடியற்காலை மழையில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கமெரா அவள் இடப் பக்கத்திலிருந்து முகத்தை மிக நெருங்கிப் பார்க்கிறது. கடைசியில் அவள் எங்களை நோக்கித் திரும்புகிறாள்.

சுருளின் அந்தப் பகுதிதான் மிக மோசமாக இருந்தது. நீளவாக்கில் கீறல்கள். எங்கள் தொழிலில் அப்படிப்பட்ட கீறல்களை "மழை" என்போம். காட்சியிலும் மழை. மழைக்குள் மழை. அந்தக் கோடுகளுக்கிடையில், அவளுடைய இடது புருவ முனையிலிருந்து கன்னத்தின் நடுவரை நேராக இறங்கும் ஒரு வெண்கோடு. மென்பொருள் அதற்கும் சிவப்புப் புள்ளி வைத்தது: கீறல்.

எனக்குச் சந்தேகமாக இருந்தது. கீறல் என்றால் முகம் அசையும்போது அது தன் இடத்திலேயே நிற்கும். முகத்தில் உள்ள அடையாளம் என்றால் முகத்தோடு போகும். ஆனால் அவளோ சிலைபோல நிற்கிறாள். திரும்பும் இடத்தில் சுருள் சுருங்கி நெளிந்து, முகமே தண்ணீருக்கடியில் தெரிவது போல ஆடுகிறது. எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கொலின் நாற்காலியை இழுத்துப் போட்டார். ரீட்டா வேலின் பழைய நாட்காட்டிப் படங்களை, சஞ்சிகைப் படங்களைத் திரையில் அடுக்கினேன். நீச்சலுடையில், பந்தோடு, குடையோடு, ஏணியில் ஏறியபடி. எல்லாவற்றிலும் மாசற்ற முகம்.

"அப்படியானால் கீறல்தான்" என்றேன், அரை மனதோடு.

"எல்லாப் படங்களிலும் வலப் பக்கத்தைத்தான் காட்டுகிறாள்" என்றார் கொலின். குவளையை மூடிய கையை எடுக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவளைக் கேட்டால் நல்லது. ஆனால் உயிரோடு இருக்கிறாளா என்றுகூட யாருக்கும் தெரியாது."

அதைக் கண்டுபிடித்துத் தந்தது எந்த ஆவணக் காப்பகமும் இல்லை. வெம்பிளி மண்டபம் ஒன்றில் நடந்த கலியாண வீடு.

அந்த வாரம் முழுவதும் நான் வீட்டில் ரீட்டா வேல், ரீட்டா வேல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. கலியாணச் சாப்பாட்டு மேசையில், பக்கத்திலிருந்த பெண்ணிடம் அவர் சொல்வது என் காதில் விழுந்தது: "இப்ப என்ர மகள் ஒரு வெள்ளைக்காரிக்குத் தூசி தட்டுறாள். பேர் வேல். முருகன்ர வேல்தான்! அந்தக் காலத்து நடிகையாம். கட்டியிருக்கிற உடுப்பைப் பார்த்தால் முருகனே கண்ணை மூடிப்போடுவார்."

பக்கத்திலிருந்தவர் ஜசிந்தா அக்கா. மன்னாரைச் சேர்ந்தவர், தென் இலண்டனில் நோர்பரியில் இருந்துகொண்டு, முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்பவர். அகப்பையை அப்படியே சோற்றில் குத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரீட்டா வேலோ? பிள்ளை, வடிவாச் சொல்லும். ரீட்டா வேலோ?"

"ஓம் அக்கா."

"எங்கட மிஸிஸ்தானே அது! ஈடித் எண்டுதான் உண்மைப் பேர். குளிக்கிற அறைக் கதவுக்குப் பின்னால அவவின்ர பழைய படம் ஒண்டு, கீழ அந்தப் பேரோட, தொங்குது. நான் முதல் நாள் பார்த்திட்டு, மாதாவே எண்டு துவாயைப் போட்டு மூடினனான்."

அடுத்த திங்கட்கிழமை காலை, கொலினின் அனுமதியோடு நோர்பரிக்குப் போனேன். கடைகளுக்கு மேலே ஒரு சிறிய குடியிருப்பு. எண்பதைக் கடந்த ஈடித், யன்னலுக்கு முதுகைக் காட்டி, நாற்காலியை ஒரு கோணத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கோணம் எனக்குத் தெரியும். நாட்காட்டிப் படங்கள் எல்லாவற்றிலும் இருந்த அதே வலப் பக்கம். முகத்தில் பவுடர் பூசியிருந்தார்.

"நீதான் என்னைத் தூசி தட்டுகிறவளா?" என்றார். ஜசிந்தா அக்கா எல்லாவற்றையும் மொழிபெயர்த்திருக்கிறார் என்று புரிந்தது.

அவர் சொன்னவற்றை நான் நினைவில் வைத்திருக்கும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன். போர்க்காலத்தில், சிறுமியாக இருந்தபோது, தெருமுனையில் விழுந்த குண்டு வீட்டு யன்னலை உள்ளே தள்ளியது. ஒரு கண்ணாடித் துண்டு முகத்தைக் கிழித்தது. எங்கள் குடும்பத்திலும், ஊரில் நடந்த போரிலிருந்து, யன்னல் கண்ணாடியின் கதை ஒன்று உண்டு. அதை அங்கே நான் சொல்லவில்லை. ஈடித் வளர்ந்து ஒரு பெரிய கடையில் தொப்பி விற்றபோது, ஓர் ஒளிப்படக்காரர் அவரை வலப் பக்கமாகப் பார்த்து வேலைக்கு அழைத்தார். இடப் பக்கத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி, "பரவாயில்லை, திரும்பாதே" என்றார்.

"பிறகு பல வருடம் நான் திரும்பவே இல்லை" என்றார் ஈடித். "என் இடது பக்கம் ஒரு நாள்கூட வேலைக்குப் போனதில்லை, தெரியுமா? எல்லாச் சம்பாத்தியமும் வலது பக்கத்தினுடையது. தப்பித்தவறி இடது பக்கம் விழுந்தால், ஒருவர் தூரிகையோடு உட்கார்ந்து படத்தில் அதைப் பூசி மறைத்துவிடுவார்."

நாட்காட்டிகளிலிருந்து சின்னப் படங்கள். காரியதரிசியாக, இரவு விடுதிப் பாடகியாக, பெரும்பாலும் பிணமாக. "எத்தனையோ பேர் என்னைக் கொன்றிருக்கிறார்கள். கழுத்தை நெரித்து, கத்தியால் குத்தி, தண்ணீருக்குள் தள்ளி. எல்லோரும் தங்கமான மனிதர்கள். மதியம் சாண்ட்விச்சில் பாதியை எனக்குத் தருவார்கள்."

"பிணமா நடிக்கிறது சுகமான வேலையாம்" என்று ஜசிந்தா அக்கா தேநீரை வைத்தபடி தமிழில் சொன்னார். "வசனம் பாடமாக்கத் தேவையில்லை. என்னையும் ஒருக்கால் கொல்லச் சொல்லிக் கேளும் பிள்ளை, முதுகு நோகுது, கொஞ்சம் படுக்கலாம்."

நான் கீறலைப் பற்றிக் கேட்டேன். ஈடித் கையை நீட்டினார். "ஜசிந்தா, துணி" என்றார். ஈரத் துணி வந்தது. இடது கன்னத்தின் பவுடரைத் தானே துடைத்துவிட்டு, முதன்முறையாக என் பக்கம் முழுமையாகத் திரும்பினார். புருவ முனையிலிருந்து கன்னத்தின் நடுவரை, நேராக.

அது படத்தின் மேல் இல்லை. படத்துக்குள் இருந்தது.

பிறகுதான் அவர் தன் தேவையைச் சொன்னார். அந்தக் காட்சி எடுத்த காலையில் மழை எல்லாப் பூச்சையும் கழுவிவிட்டது. நேரமில்லை. கமெராக்காரர் வேண்டுமென்றே இடப் பக்கம் போய் நின்றார். எடுத்து முடித்ததும், "நீ இதுவரை இவ்வளவு நன்றாக வந்ததில்லை" என்றார். சில வாரங்களில், அந்தச் சுருள் பழுதாகிவிட்டது, காட்சியை வெட்டிவிட்டோம் என்று நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. கமெராக்காரரை ஈடித் மறுபடி சந்திக்கவில்லை.

"நீ நன்றாக வந்திருக்கிறாய் என்று ஆண்கள் எனக்குத் தினமும் சொன்னார்கள். அது அவர்களுடைய தொழில்" என்றார். "அவன் பொய் சொன்னானா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் சீக்கிரம். ஒரு கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. மற்றக் கண்ணில் இப்போது அந்தக் கதவு நிலை வளைந்து தெரிகிறது."

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்குள் ஊசி போட்டு அதை நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று ஜசிந்தா அக்கா விளக்கினார். நிற்கலாம், நிற்காமலும் போகலாம்.

அன்று பிற்பகலே சென்னைக்கு வேலையை அனுப்பினேன். வழமையான குறிப்புகள் மட்டுமே ஆங்கிலத்தில் இருந்தன; தழும்பைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை. ஆனால் மனம் நிறைந்திருந்தது. அதனால் பிரபுவுக்குத் தமிழில் ஒரு குரல் செய்தியும் அனுப்பினேன். சொன்னது இதுதான்: "பிரபு, அந்த இடது கன்னத்துக் கோட்டை வடிவாப் பாருங்கோ, அதுதான் முக்கியம். அவவின்ர முகத்தை வடிவாச் செய்யுங்கோ, அவசரப்பட வேண்டாம்."

பிரபு உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

வேலை திரும்பி வந்த காலை, நானும் கொலினும் பெரிய திரையின் முன் உட்கார்ந்தோம். மழைக் கீறல்கள் அத்தனையும் போயிருந்தன; உண்மையான மழை ஒவ்வொரு துளியாக விழுந்தது. திரும்பும் இடத்தின் நெளிவும் சரியாகியிருந்தது. அதற்கு நடுவில் ஒரு முகம். உரித்த முட்டை போல. தழும்பு இல்லை. மூக்கின் பக்கத்திலிருந்த புள்ளிகள் இல்லை. கண்ணுக்குக் கீழே தூக்கமின்மையின் நிழல் இல்லை. மழைத்துளி வழுக்கி விழக்கூட ஓரிடம் இல்லாத கன்னம்.

கொலின் குவளையைக் கீழே வைத்தார். அவர் குவளையைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

"தாரணி," என்றார், "இது படத்தின் மேலும் இல்லை, படத்துக்குள்ளும் இல்லை."

பிரபுவை அழைத்தேன். அவர் குரலில் பெருமை பொங்கியது.

"பாத்தீங்களா மேடம்? பசங்க ஒவ்வொரு பிரேமையும் கையால பண்ணினாங்க. எந்த டூலும் போடல."

"பிரபு, தழும்பு எங்க?"

"எடுத்தாச்சு மேடம்."

"ஏன் எடுத்தனீங்கள்?"

"என்ன மேடம், நீங்கதானே சொன்னீங்க, வடிவா பண்ணுங்கன்னு?"

"ஓம், வடிவாச் செய்யச் சொன்னனான்."

"அதான், வடிவா இருக்காங்கல்ல?"

என் சொல்லை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பிரபு, எங்கட ஊரில வடிவா எண்டால் கவனமா எண்டு அர்த்தம்."

பிரபு அந்தச் சொல்லைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"அழகான்னு இல்லையா?"

"அழகு எண்டும் இருக்கு. ஆனால் வடிவாப் பார் எண்டால் கவனமாப் பார். வடிவாப் படி எண்டால் ஒழுங்காப் படி. அம்மா எனக்கு வடிவாச் சாப்பிடு எண்டுவா."

"சோத்தை அழகா சாப்பிடணுமா?"

"இல்லை பிரபு!"

"கவனமான்னா கவனமான்னு சொல்லக் கூடாதா மேடம்?" என்றவர், இன்னொரு பக்கம் திரும்பி, "டேய், அந்தம்மா முகத்துல எல்லாத்தையும் திருப்பிப் போடணுமாம்டா" என்றார். பின்னணியில் யாரோ தலையில் அடித்துக்கொள்ளும் ஓசை. பிறகு ஒரு சிரிப்பு, அதைத் தொடர்ந்து பல சிரிப்புகள். நானும் சிரித்தேன். கொலினுக்கு மொழிபெயர்க்க முயன்று தோற்றேன்.

இழப்பு எதுவும் இல்லை. நாங்கள் எப்போதும் மூல ஸ்கேனைத் தொடாமல் தனியாக வைப்போம். தழும்பு அங்கே பத்திரமாக இருந்தது. ஆனால் மழைக் கீறல்களும் அங்கேயே இருந்தன. இரண்டையும் பிரித்தெடுக்கும் வேலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதே நாளில் ஜசிந்தா அக்காவின் செய்தி வந்தது: ஈடித்தின் நல்ல கண்ணில் கதவு நிலை இன்னும் அதிகமாக வளைகிறதாம். ஊசி போட்டிருக்கிறார்கள், பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கொலினிடம் சொன்னேன். அவர் படத்தின் மற்றப் பகுதிகளை எல்லாம் நிறுத்திவைத்தார். "அந்த ஒரு காட்சியை மட்டும் முடியுங்கள். திரையரங்குக்குக் காத்திருக்க வேண்டாம். அவரை இங்கே அழைத்து வாருங்கள்."

பிரபு ஓர் உதவி கேட்டார். "மழைக் கோட்டுக்கும் தழும்புக்கும் நடுவுல சில எடத்துல கண்ணே கட்டுது மேடம். அவங்க இப்ப இருக்கிற மாதிரி ஒரு போட்டோ கிடைச்சா, எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு பசங்களுக்குத் தெரியும்."

பவுடர் இல்லாமல், இடப் பக்கத்திலிருந்து, ஒரு படம். இதை எப்படிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே ஜசிந்தா அக்கா கேட்டுவிட்டார். அன்று நானும் நோர்பரியில் இருந்தேன். ஈடித் பவுடர் டப்பாவைத் தள்ளி வைத்தார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார். அடுத்த நிமிடம் அந்த அறையில் இருந்தது வேறொரு ஆள்.

"அங்கே நிற்காதே, வெளிச்சம் உன் முதுகில் விழுகிறது. இந்தப் பக்கம் வா. போனை உயர்த்து, என் கண் மட்டத்துக்கு. மூச்சைப் பிடி. என்னைச் சிரிக்க வைக்காதே."

"நான் எங்க சிரிக்க வைக்கிறன்?" என்றார் ஜசிந்தா அக்கா. "கை உளையுது மிஸிஸ். எங்கட கலியாணப் போட்டோக்காரன்கூட இவ்வளவு ஏச்சு வாங்கியிருக்க மாட்டான்."

ஈடித் சொல்லச் சொல்ல, நல்ல படம் ஒன்று கிடைக்கும்வரை எடுத்தோம். தேர்ந்தெடுத்ததும் அவர்தான், கண்ணின் ஓரத்தால் பார்த்து. நடுவால் பார்க்க முடியாதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். முகத்தைத் திருப்பி, பார்க்க வேண்டிய பொருளைப் பார்வையின் ஓரத்துக்குக் கொண்டு வருவார்கள்.

அந்தப் படம் சென்னைக்குப் போனது. குழுவிலிருந்தவர்கள் அதை ஒரு திரையில் நிரந்தரமாகத் திறந்து வைத்திருந்தார்கள் என்று பிரபு பின்னர் சொன்னார். மழைக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். நெளிவு சரியாகியிருந்ததால், திரும்பும் இடத்தில் முகத்தோடு எது போகிறது, எது தன் இடத்தில் நிற்கிறது என்பது இப்போது தெளிவாகத் தெரிந்தது. நின்றதெல்லாம் கீறல். போனது தழும்பு. ஒவ்வொரு தொகுதியாக அனுப்பும்போதும் பிரபு தவறாமல் எழுதினார்: "உங்க ஊர் வடிவா பண்ணியிருக்கோம் மேடம்."

ஈடித் ஆய்வுகூடத்துக்கு வந்த காலை, ஜசிந்தா அக்கா ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூடவே வந்தார். "இண்டைக்கு நான் வேலைக்கு வரயில்லை, படம் பார்க்க வந்திருக்கிறன்" என்றார். ஈடித் நீல நிறக் கோட் அணிந்திருந்தார். முகத்தில் பவுடர் இருந்தது. கொலின் அவருக்காக நாற்காலியைத் திரைக்கு மிக அருகே போட்டார். பிறகு, எல்லோருக்கும் செய்வது போல, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தொலைபேசியில் பிரபு காத்திருந்தார். சென்னையில் மதிய உணவு முடிந்த நேரம். அவருக்குப் பின்னால் குழு முழுவதும் நிற்பது சின்னச் சதுரத்தில் தெரிந்தது.

விளக்கை அணைத்தேன். படத்தை ஓடவிட்டேன்.

கடல். மழை. இருபது வயதுப் பெண் ஒருத்தியின் முகம், சுவர் அளவுக்குப் பெரிதாக.

ஈடித் நேராகப் பார்த்தார். எதுவும் தெரியவில்லை என்பது அவர் தோள்களில் தெரிந்தது. ஜசிந்தா அக்கா என் கையைப் பிடித்தார். பிறகு ஈடித் மெதுவாகத் தலையை வலப் பக்கம் திருப்பினார், இன்னும் கொஞ்சம், தன் இடது கன்னம் திரையைப் பார்க்கும்வரை. அங்கே நிறுத்தினார். கண்ணின் ஓரத்தில் அவருக்கு ஏதோ கிடைத்துவிட்டது.

திரையில் அவள் திரும்பத் தொடங்கினாள். மழைத்துளி ஒன்று புருவ முனையிலிருந்து இறங்கி, தழும்பின் பள்ளத்தில் நுழைந்து, அதன் வழியாகவே கன்னத்தின் நடுவரை ஓடியது. அதை நான் அதற்கு முன் கவனித்திருக்கவில்லை. கொலினும் கவனித்திருக்கவில்லை, அவர் முன்னால் சாய்ந்தார். கமெராக்காரர் கவனித்திருக்கிறார். அதற்காகத்தான் அவர் அந்தப் பக்கம் போய் நின்றிருக்கிறார்.

காட்சி முடிந்து திரை வெளுத்தது.

"அவன் பொய் சொல்லவில்லை" என்றார் ஈடித்.

பிறகு ஜசிந்தா அக்காவின் பக்கம் திரும்பி, நோர்பரி உச்சரிப்பில் ஒரு தமிழ்ச் சொல்லைச் சொன்னார். காலையில் கஞ்சி கொடுக்கும்போது ஒரு பொருளிலும், தலை சீவிவிட்ட பின் இன்னொரு பொருளிலும் ஜசிந்தா அக்கா தினமும் அவருக்குச் சொன்ன சொல். இத்தனை வருடங்களில் அவர் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லும் அதுதான்.

"வடீவா."

தொலைபேசிக்குள் ஒரு சலசலப்பு. "மேடம்," பிரபு கேட்டார், "அவங்க என்ன சொன்னாங்க? வடிவான்னாங்களா?"

"ஓம்."

"எந்த வடிவு மேடம்? உங்க ஊர் வடிவா, எங்க ஊர் வடிவா?"

அதை ஈடித்திடம் கேட்க நினைத்தேன். அவரோ ஜசிந்தா அக்காவின் கைப்பையிலிருந்து ஈரத் துணியைத் தேடி எடுத்து, கன்னத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுக் கொலினைப் பார்த்து, இன்னொரு முறை போடச் சொன்னார்.

அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் நான் அங்கே இருந்தேன். நல்ல படங்கள் பல என் கை வழியே போயின. ஆனால் ஈடித்தோடு கண் மருத்துவமனைக்கு இரண்டொரு முறை துணைக்குப் போனபோது, ஒரு தொழில்நுட்பப் பெண் அவருடைய விழித்திரையைப் படம் பிடித்து, தேய்ந்த இடத்தைத் திரையில் காட்டினாள். ஊசி வேலை செய்கிறது, இந்த வளைவு இதற்கு மேல் போகாது போலிருக்கிறது என்றாள். ஈடித் என் தொடையில் தட்டினார். நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று வெளியே வரும் வழியில் விசாரித்தேன். இப்போது அதைத்தான் செய்கிறேன். விழித்திரைப் படத்தில் புள்ளி தெரிந்தால், அது என் லென்ஸின் மேல் இருக்கிறதா, கண்ணுக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அந்தப் பழக்கம் கொலின் தந்தது.

அனிஷாவுக்கு என் பதில் இதுதான். புது மென்பொருளைத் தாராளமாகப் பயன்படுத்து. அது சந்தேகப்படும் இடத்தில், முகம் திரும்பும்வரை பொறு. முகம் திரும்பாவிட்டால், அந்த ஆளைத் தேடிப் போய்க் கேள்.

அன்று பிரபுவுக்கு நான் சொன்ன பதிலை இன்னும் எழுதவில்லை. விளக்கு மறுபடி அணைந்தது, மழை தொடங்கியது, தொலைபேசியைத் திரையின் பக்கம் திருப்பிப் பிடித்தேன், சென்னையும் பார்க்கட்டும் என்று.

"ரெண்டும்தான், பிரபு" என்றேன்.